நர்மதா நலம் விசாரிக்கிறாள்

– நீயா? நீயா தம்பி நர்மதா?

– ஆமாக்கா. மெதுவா பேசுங்க, எல்லாரும் பாக்குறாங்க.

– மீச வெச்சிகினு நிக்கிற. ஒரு வருசமா பொம்பளன்னு நெனச்சிகினு கீறேன் நான். போட்டோல மூக்குத்தி, பூவு எல்லாம் கீதே.

– அது நெட்ல எடுத்த படம்க்கா. குப்பத்துக் குறை கேக்குற கவர்மெண்ட் பேஜ், 'கரைத்தோழி', அத ஆரம்பிக்கும்போது, பொண்ணு பேரா இருந்தா குப்பத்துப் பொம்பளைங்க கூச்சமில்லாம பேசுவாங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அதான் நர்மதா. என் பேரு ஜோ, ராயபுரம். நீங்க முள்ளிக்குப்பம் மோகனப்ரியாதான? பாப்பாவோட நிக்கிற படம் வச்சிருக்கீங்களே, அத வச்சுதான் மண்டபத்து வாசல்லயே கண்டுபிடிச்சேன்.

– அய்ய, மானமே போச்சு. உன்னாண்ட இன்னா இன்னாவோ எய்திக்கீறனே. எங்க வூட்டுக்காரரு தண்ணியப் போட்டுட்டு கலாட்டா பண்ணது, எனக்கு வயித்துல கட்டி வந்தது, எல்லாம் ஒரு பொம்பளயாண்ட சொல்றன்னுதான சொன்னேன்.

– அதெல்லாம் என்னோடயே இருக்குக்கா. பயப்படாதீங்க.

– பாப்பாக்கு அம்ம போட்டப்ப, தெனம் காலைல 'ஜுரம் விட்டுச்சா அக்கா'ன்னு கேட்டியே. அதுவும் ஆபீஸ்ல கேக்கச் சொன்னதா?

– இல்லக்கா. அது நானா கேட்டது. மாதா சத்தியமா. எங்க அக்கா பொண்ணுக்கும் அப்பதான் போட்டிருந்துச்சு.

– சரி உடு. எனக்குக் கூடப்பொறந்ததுன்னு யாரும் இல்ல. எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்வாங்க, இவ எப்பப் பாரு போனும் கையுமா நர்மதா நர்மதான்னு கீறான்னு. தங்கச்சின்னு நெனச்சேன், தம்பியா பூட்ட. அவ்ளோதான். த பாரு, பட்டா எப்பக் குடுப்பாங்க?

– முதல்ல பேரு பதிவு பண்ணுவாங்க. அப்புறம் குடும்பத்தோட ஒரு போட்டோ. பெரிய ஆபீசர் வந்து பேசுவார். அப்புறம் சாப்பாடு, பிரியாணி சொல்லியிருக்காங்க. ரெண்டு மணி வரைக்கும் புரோகிராம்க்கா.

– ரெண்டு மணியா? பத்தரைக்கெல்லாம் வூட்டுக்குப் போய்டலாம்னு காலைல நீதான சொன்ன?

– நான்... ஆமா. கொஞ்சம் லேட் ஆயிடுச்சு.

– இன்னா தம்பி இப்டி சொல்ற. நான் வெரசா வூட்டாண்ட போவணும். ஏன்னு இங்க வாயத் தொறந்து சொல்ல முடியாது. உனக்குத்தான் தெரியுமே.

– ம். தெரியும்க்கா.

– இடுப்புல இந்தச் சாவி வேற குத்திகினே கீது, போ போன்னு சொல்றாப்ல.

– பாத்துக்கலாம்க்கா. உக்காருங்க, ஃபேனுக்கு அடியில வாங்க. உண்மையா சொல்லட்டா, நூறு பேரு வருவாங்கன்னுதான் நான் நெனச்சேன். மண்டபமே ரொம்பிடுச்சு. ஊரே வந்துட்டீங்க போல.

– ஊரேதான். பாப்பா கூட அதோ பசங்களோட வெளாடிகினு கீது. நீ எய்துனத்த அப்படியே தலைவராண்ட படிச்சிக் காட்டுனேன். 'குடும்பம் மொத்தமும் நேர்ல வந்தாதான் வீட்டுக்குப் பட்டா பதிவு'ன்னு. அவுரு கோயில் மைக்க எடுத்தாரு. ஞாயித்துக்கெயம ஒருத்தரும் தொழிலுக்குப் போவக்கூடாது, வூட்ல ஒரு ஆளு மிச்சம் நிக்கக்கூடாது, அல்லாரும் மீஞ்சூருக்கு வண்டி ஏறணும்னு சொல்லிட்டாரு. சொன்னா சொன்னதுதான். காலைல எளவட்டப் பசங்க தெருத் தெருவா போய், எந்த வூட்ல கதவு தொறந்துகீதுன்னு பாத்தானுங்க.

– தொறந்திருந்தா?

– பாடு போய்டும். ஆத்துல எறா புடிக்க வூட்டுக்கு வூடு மொற வெச்சிகீறோம்ல, அத்தச் சொல்றேன். கட்டுப்பாட மீறுனா ஒரு வருசத்துக்கு அந்த வூட்டுக்கு மொற கெடையாது. எங்க வூட்டுக்காரரு இப்ப காட்டுப்பள்ளி பக்கம் கண்டெய்னர் யார்டுல நைட் பாக்குறாரு. ஆனா பாட உடமாட்டாரு. அது அவுங்கப்பன் சொத்து, தாத்தன் சொத்து.

– பாடு விஷயம் நீங்க ஏற்கெனவே எழுதியிருக்கீங்கக்கா. மைக்ல சொன்னா ஊரே கெளம்பிடும்னும் எழுதியிருக்கீங்க.

– எய்திருப்பேன். உன்னாண்ட எய்தாதது இன்னா கீது.

– காலைல கூட ஒரு போட்டோ போட்டீங்களே.

– பாத்தியா? தெரு முச்சூடும் வரிசையா பூட்டு தொங்குது பாரு. நாய் கூட வண்டி பின்னாலயே ஓடியாந்துச்சு. 'எங்க ஊரு ஒத்துமையப் பாருங்க'ன்னு போட்டேன். மொதல்ல தெரியுதே பச்சக் கதவு, அதான் எங்க வூடு. போன வருசம்தான் கான்கிரீட் போட்டோம். என் தாலிக்கொடி அந்தத் தளத்துக்குள்ளதான் கீது.

– செம ரீச்சுக்கா அந்தப் படம். எங்க விமல் சார் இருக்கார்ல, இந்த பேஜை கான்ட்ராக்ட் எடுத்து நடத்துறவர், ஹார்ட் போட்டிருக்கார். மேல வரைக்கும் அனுப்பிட்டாராம்.

– மேலன்னா யாருக்கு?

– மேலன்னா மேலதான்க்கா. எனக்கே தெரியாது. நான் அரசாங்க ஆள் இல்ல, தினக்கூலி மாதிரிதான். இன்னியோட அதுவும் முடியுது.

– முடியுதுன்னா? வேலைய உட்டு நிறுத்துறாங்களா?

– ஆமா. இந்தக் கேம்ப்தான் கடைசி. கூட்டத்தைப் படம் எடுத்து பேஜ்ல ஏத்திட்டா கிளம்பலாம்னாங்க.

– அய்யோ பாவமே. அப்போ இனிமே நர்மதா?

– நர்மதா இருப்பாக்கா. அவ எங்கயும் போகமாட்டா.

– வேற யாராச்சும் வந்து உன் எடத்துல குந்துவாங்களா?

– அப்படித்தான்னு வச்சுக்குங்களேன்.

– எவளோ வந்து என்னாண்ட அக்கா அக்கான்னா எனக்கு ஒட்டுமா? உன் நம்பரக் குடுத்துட்டுப் போ தம்பி. ஏய், தலைவரு வராரு. அவுராண்ட இன்னா வோணா பேசு, காலைல நம்ம பேசிக்கினது மட்டும் வாய் தவறி வந்துடக்கூடாது. மாட்டி வுட்றாத, இன்னா?

– சரிக்கா. எதுவும் சொல்லல.

– மோகனா, இங்க குந்திகினு இன்னா பண்ற? யாரு இந்தப் புள்ள?

– ராமதாஸ் மாமா, இதான் நர்மதா.

– நல்லா கேட்டுட்டு சொல்லும்மா. இவுரு நர்மதாவா?

– வணக்கம் தலைவரே. என் பேரு ஜோ. பேஜ்ல பதில் எழுதுறது நான்தான்.

– அது சரி நைனா. தாடி வெச்ச ஆளு சாமியாருன்னும் மீச வெச்ச ஆளு நர்மதான்னும் நம்புற காலமா பூடுச்சு. எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா கீது, கேக்கலாமா?

– கேளுங்க.

– லைட்டு எரியலன்னு இவ எய்துனா, அன்னிக்கே ஆளு வந்து லைட்டு போட்டான். கொழாயில தண்ணி வர்லன்னு எய்துனா, சாயங்காலம் லாரி வந்துச்சு. நாங்களும் ஏமாந்த பசங்க, இன்னா கவுருமெண்டுடான்னு கைத்தட்டி வீடியோ போட்டோம். ஆனா கரெண்ட் கம்பெனிக்காரன் ஆத்துல சாம்பத் தண்ணி வுடுறான், எறா செத்து மெதக்குதுன்னு எய்துனா மட்டும் உங்காளு ஒரு கும்புடு போட்ட கைய அனுப்புறான். அந்தக் கும்புடுக்கு இன்னா அர்த்தம்?

– புகார் மேல போயிருக்குன்னு அர்த்தம்.

– போனது திரும்பி வந்துச்சா?

– இல்ல தலைவரே.

– அதான் கேட்டேன். இன்னொண்ணு. போன மாசம், முகத்துவாரத்த தூர் எடுக்குற மிஷின மறிக்கலாம்னு ராத்திரி கோயில்ல குந்திப் பேசுனோம். வெளியாள் ஒருத்தன் கெடையாது. விடியறதுக்குள்ள போலீஸ் வந்து ஆத்தங்கரைல நிக்கிது. நம்ம ஆளுங்கள்ல ஒருத்தன்தான் சொல்லிக்கீறான்னு, ராசையா மேல ஊருக்குச் சந்தேகம். அவன் மச்சான் போலீஸ்ல கீறான்ல. பாட வெட்டிட்டோம். இன்னிக்கி வரைக்கும் அவன் நான் இல்லன்னு அய்வுறான். இத்தப் பத்தி உனக்கு எதுனா தெரியுமா நைனா?

– எனக்கு எப்படித் தெரியும் தலைவரே?

– கேட்டேன். மூஞ்சி வெளுத்துப் போச்சே உனக்கு. சரி, மணி எங்க மோகனா? காலைலேந்து உன் புருசன் கண்ணுலயே படல.

– பின்னால வந்த வண்டில வந்தாரு மாமா. கொல்லப் பக்கம் போயிருப்பாரு.

– ராத்திரி ஷிப்ட் முடிச்சிகினு அப்படியே வந்துட்டானா? நல்ல புள்ள. இரு, நான் கேட்டாண்ட போய்ட்டு வரேன். நம்மள எறக்கி உட்ட வண்டி ஒண்ணையும் காணும். பட்டாவப் பத்தி மேசைல குந்திகிறவனக் கேட்டா, காலேஜ் பையன், பல்லக் காட்டுறான். தாசில்தாரு யாருடான்னா முழிக்கிறான். எனக்கு இது ஒண்ணும் சரியாப் படல.

– அவுரு போய்ட்டாரு. தம்பி, இப்ப என்னப் பாரு. தலைவரு கேட்டாரே, அந்தப் போலீஸ் மேட்டரு.

– அக்கா, அது வேணாம்.

– அன்னிக்கி ராத்திரி நான் உன்னாண்ட எய்துனேன். 'நர்மதா, நாளைக்கி எங்க ஊருக்கு ஒரு பெரிய வேல கீது, வேண்டிக்கோ'ன்னு. இன்னா வேலக்கான்னு நீ கேட்ட. சொன்னேன்.

– ஆமா.

– நீ யாராண்ட சொன்ன?

– நான் யார்கிட்டயும் தனியா சொல்லலக்கா. நீங்க எழுதுறது, நான் எழுதுறது, எல்லாமே விமல் சார் ஸ்கிரீன்ல தெரியும். எந்த ஊர்ல என்ன பேசிக்கிறாங்க, யார் கோவமா இருக்காங்க, யார் சொன்னா யார் கேப்பாங்க, எல்லாத்தையும் அவர் பிரிச்சு வச்சு மேல அனுப்புவார். மக்கள் மனசு தெரிஞ்சாதான நல்லது செய்ய முடியும்னு சொல்லித்தான் வேலைக்கு எடுத்தாங்க. நானும் நம்புனேன். லைட்டு போட்டாங்கள்ல? தண்ணி வந்துச்சுல்ல?

– ராசையா பொண்டாட்டி வூட்ல அடுப்பு எரியல தம்பி. நான் போயி ஒரு படி அரிசி குடுத்துட்டு, ஊரக் காட்டிக் குடுத்தவன் பொண்டாட்டின்னு அவ மூஞ்சப் பாக்காம வந்தேன். காட்டிக் குடுத்தது நான். உன்ன நம்பி நான்.

– என்ன மன்னிச்சிடுக்கா.

– எங்கடா மூஞ்சிய வெச்சிக்குவேன் நானு. அவுங்க கால்ல வுழணும்.

– அக்கா, தலைவர் ஓடி வராரு.

– மோகனா, கேட்டப் பூட்டிகிறானுங்க. வாட்ச்மேனக் கேட்டா, கூட்ட நெரிசல் ஆயிடும், ரெண்டு மணி வரைக்கும் யாரையும் வெளிய வுடக்கூடாதுன்னு ஆர்டராம். இப்பத்தான் பக்கத்து ஊரு முகத்துவாரக்குப்பத்துலேந்து தவசிமுத்து போன் பண்ணான். நம்ம ஊர்ப் பாலத்தாண்ட மஞ்ச வண்டி வரிசையா போவுதாம், முன்னால போலீஸ் வேன். 'உங்க ஊர்ல இன்னா மாமா, கோயில் வேலையா'ன்னு கேக்குறான்.

– மஞ்ச வண்டின்னா?

– ஜேசிபி.

– நம்ம ஊர்ப் பக்கம் எதுக்கு மாமா ஜேசிபி?

– அத்த இந்த நைனாதான் சொல்லணும். எல்லாம் எய்துற ஆளாச்சே. சொல்லு நைனா, எங்க ஊருக்கு ஜேசிபி எதுக்குப் போவுது?

– சத்தியமா எனக்குத் தெரியாது தலைவரே. இருங்க, பேஜைப் பாக்குறேன். இன்னிக்கிப் போட வேண்டிய போஸ்ட்டெல்லாம் முன்னாடியே எழுதி, டைம் வச்சிடுவாங்க. அந்த நேரம் வந்தா அதுவா ஏறும். அதுல ஏதாச்சும்... ஒண்ணு கீது. ஒரு மணிக்கு ஏறுறாப்ல கீது. இது நான் எய்தல.

– படி.

– வேணாம் தலைவரே.

– படிடா.

– 'முள்ளிக்குப்பம் கழிமுகப் பகுதியில், யாரும் வசிக்காத ஆக்கிரமிப்புக் கட்டடங்கள் இன்று அமைதியான முறையில் அகற்றப்பட்டன. முழு ஒத்துழைப்பு அளித்த மீனவ மக்களுக்கு நன்றி.' கீழ ஒரு கும்புடு. ரெண்டு படம். ஒண்ணு இந்த மண்டபம். இன்னொண்ணு அக்கா போட்ட படம். பூட்டு தொங்குற தெரு.

– அகற்றப்பட்டனவா? ஒரு மணி ஆவல. இன்னும் பகலு கூட ஏறல. அதுக்குள்ள நன்றி எய்தி வெச்சிகிறானுங்களா?

– ஆமா தலைவரே.

– அடிமடியிலயே கைய வெச்சிட்டானுங்க. பாத்தியா மோகனா, ஆளில்லாத வூடாம். ஊர நாமளே கெளப்பிகினு வந்து, நாமளே பூட்டிட்டு, நாமளே படம் புடிச்சிக் குடுத்துட்டு, இங்க பிரியாணிக்குக் காத்துகினு கீறோம். மைக்குல சொன்னவன் நானு. எவனாச்சும் ஒருத்தன் கட்டுப்பாட மீறி வூட்ல இருந்திருந்தா கூட, குறுக்க படுத்து மறிச்சிருப்பான்.

– மாமா.

– ஏம்மா உனக்கு இப்டி வேர்க்குது?

– மாமா, உள்ள ஆளு கீது.

– யாரு வூட்ல?

– எங்க வூட்ல. அவுரு வர்ல மாமா. பொய் சொன்னேன். ராத்திரி ஷிப்ட்லயே ஜுரம். நெருப்பாட்டம் சுட்டுச்சு. ரெண்டு மாத்திரயக் குடுத்தேன், அடிச்சிப் போட்டாப்ல தூங்குறாரு. இட்டாரலாம்னா நிக்க முடியல. கதவத் தொறந்து வுட்டுட்டு வந்தா பசங்க பாத்துடுவானுங்க, பாடு பூடும். வெளியால பூட்டிட்டு வந்துட்டேன்.

– வெளியவா? ஆள உள்ள வெச்சிகினா?

– பச்சக் கதவு மாமா. மொத வூடு. அங்கேந்துதான ஆரம்பிப்பானுங்க?

– அறிவு கெட்டவளே, எவன் சொல்லி பூட்டுன? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஜுரக்காரனுக்கு எவன் பாட வெட்டப் போறான்?

– இவன் சொன்னான் மாமா. நர்மதா சொன்னா. கேக்க எனக்கு வேற யாரு கீறாங்கன்னு காலைல இதுலதான் கேட்டேன். எல்லாம் சொன்னேன். பாரு, படிச்சிப் பாரு. 'கவலைப்படாதீங்க அக்கா. அண்ணன் நல்லாத் தூங்கட்டும். வெளியில பூட்டுப் போட்டுட்டு நீங்க கெளம்புங்க. யாருக்கும் தெரியாது. பத்தரைக்கெல்லாம் வந்துடலாம்.' எய்திட்டு கல்லாட்டம் நிக்கிறியே தம்பி. காலைலேந்து உன்னாண்ட ஜாடையா சொல்லிகினே கீறேன், தெரியும்க்கா தெரியும்க்கான்னியே.

– எனக்குத் தெரியாதுக்கா.

– இன்னா தெரியாது? உன் பேருலதான் வந்துகீது.

– நான் எய்தலக்கா. வெள்ளிக்கெயமையோட என்ன பதில் எய்த வோணாம்னு நிறுத்திட்டாங்க. நீதான சொன்னன்னு நீ கேக்கவும், இல்லன்னு சொல்ல மனசு வர்ல, சும்மா தலைய ஆட்டிட்டேன்.

– அப்போ இத்த எய்துனது யாரு?

– ஆளே இல்லக்கா. மெஷினு. கம்ப்யூட்டரே பதில் எய்துது. ஒரு வருசமா நான் உங்களுக்கெல்லாம் எய்துனத மொத்தமா அதுக்குப் போட்டுக் காட்டிக்கீறாங்க. என்னாட்டமே அக்காங்குது, என்னாட்டமே கேக்குது. பூட்டச் சொல்லி அதுக்கு யாராச்சும் சொல்லி வெச்சாங்களா, அதுவா சொல்லுச்சா, எனக்குத் தெரியல.

– நைனா, அதெல்லாம் அப்புறம். உங்க சாருக்குப் போன் போடு. உள்ள ஆளு கீறான்னு சொல்லு.

– போட்டுகினே கீறேன் தலைவரே. எடுக்கல. கட் பண்றாரு.

– அதுலயே எய்து. எல்லாருக்கும் தெரியறாப்ல எய்து, 'உள்ள ஆளு கீது'ன்னு.

– கமெண்ட்ட மூடிக்கீறாங்க. நான் உள்ள போய் அந்த போஸ்ட்ட அழிக்கலாம்னா, இப்ப என்னையே வெளிய தள்ளிடுச்சு. பாஸ்வேர்ட மாத்திட்டாங்க.

– தவசிமுத்து, டேய் தவசிமுத்து, கேக்குதா? முள்ளிக்குப்பத்துக்கு ஓடு. மொத வூடு, பச்சக் கதவு, உள்ள நம்ம மணி கீறான். இன்னா? உடமாட்றானா? சரி, கத்து. பாலத்து மேலேந்தே கத்து. மோகனா, பாலத்த மறிச்சிகிறானாம் போலீஸு, ஊர்ப் பக்கம் ஒருத்தரையும் உடலியாம். வண்டிச் சத்தம் மட்டும் கேக்குதாம்.

– அக்கா, அண்ணனுக்குப் போன் போடுக்கா. அடிச்சிகினே இரு, எய்ந்துருவாரு.

– அவுரு போனுதான் இது.

– இன்னாக்கா சொல்ற?

– வூட்டுக்கு ஒரே போனு. படம் எடுக்கணும், பட்டாவ நர்மதாக்குக் காட்டணும்னு நான் எடுத்தாந்துட்டேன். சாவியும் எங்கிட்ட. போனும் எங்கிட்ட. வுடு என்ன தம்பி. மாமா, அந்த கேட்ட ஒடைங்க. எல்லாரையும் கூப்புடுங்க. நான் நடந்தாச்சும் போறேன்.

– டேய், அல்லாரும் வாங்கடா இங்க. அந்த பெஞ்சத் தூக்கு. கேட்ட இடிங்கடா. மோகனா, உன் கைல போனு அடிக்குது பாரு. தவசிமுத்தா? உள்ள பூந்துட்டானா? யாரு, சொல்லும்மா.

– நர்மதா மாமா. 'சாப்டீங்களா அக்கா? அண்ணனுக்கு ஜுரம் விட்டுச்சா?'ன்னு கேக்குறா.